மூவாயிரம் ரூபாய்க்குள் முதல் சவரக்கத்தி: கேள்வி பதில்

பிளேடு மாற்றாமல், தீட்டித் தீட்டியே பயன்படுத்தும் மடக்குச் சவரக்கத்தி பற்றி மட்டும் கேளுங்கள். டிரிம்மர், ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் எல்லாம் எனக்குத் தெரியாத சமாச்சாரம்.

சேலம்: அண்ணா, கையில் மூவாயிரம் ரூபாய்தான். எந்தக் கத்தி வாங்கலாம்?

பதில்: மூவாயிரத்தையும் கத்தியிலேயே போட்டுவிடாதீர்கள் தம்பி. கத்தி, சவரத்துக்கு முன் அதை இழுத்துக் கூரைச் சீராக்கும் தோல்வார், தீட்டுக்கூலி என்று மூன்று செலவு இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டுக்கும் கடன் கேட்பார்கள். டோவோ என்ற ஜெர்மன் கம்பெனியின் புதுக் கத்தி பத்தாயிரத்தைத் தாண்டிவிடும், அந்தப் பேச்சே வேண்டாம். உங்களுக்குச் சரிப்படுவது பழைய கத்தி. ஜெர்மனியில் சோலிங்கன், இங்கிலாந்தில் ஷெஃபீல்ட், இந்த இரண்டு ஊர்களில் நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் செய்த கத்திகள் இன்றும் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

அகலம் 5/8 அங்குலம் போதும், 6/8 கிடைத்தாலும் சரி. அதற்கு மேல் போனால் மூக்குக்கடியில் திருப்ப முடியாமல் தவிப்பீர்கள். முனை உருண்டையாக இருக்கட்டும். சதுர முனை கிருதாவை நேர்கோடாக எடுக்கும்தான், ஆனால் பழகாத கையில் காது மடலையும் எடுக்கும்.

வாங்குமுன் விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முதுகில் கொஞ்சம் துரு இருந்தால் கவலையில்லை. விளிம்பை ஒட்டிக் கறுப்புப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், தீட்டத் தீட்ட அந்தக் குழிதான் விளிம்பாக வந்து நிற்கும். மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் வேண்டாம். விளிம்பு நடுவில் உள்வாங்கியிருந்தாலோ, முதுகு ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தேய்ந்திருந்தாலோ யாரோ கண்டபடி தீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மழுங்கல் ஒரு குறையே இல்லை, அது தீட்டினால் போகிற விஷயம்.

அப்புறம் ஒன்று, இதை இன்னும் பலமுறை சொல்வேன்: தெருவில் சக்கரத்தோடு வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். இந்தக் கத்தியின் முதுகையும் விளிம்பையும் சேர்த்தே கல்லில் படுக்கவைத்துத் தீட்ட வேண்டும், கோணத்தை முதுகுதான் முடிவுசெய்கிறது. சக்கரத்தில் அந்தக் கோணம் போய்விடும், பொறி பறக்கிற சூட்டில் மெல்லிய விளிம்பின் பதமும் போய்விடும்.

கோவை: கோல்டு டாலர் 66 என்ற சீனக் கத்தி ரொம்ப மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: எஃகைக் குறை சொல்ல மாட்டேன், சிக்கல் வடிவத்தில். கைப்பிடிப் பக்கம் உள்ள முட்டு கல்லில் இடித்து விளிம்பைத் தூக்கிவிடும், முதுகும் எல்லாக் கத்தியிலும் ஒரே சீராக வராது. தீட்டத் தெரிந்தவர் அந்த முட்டு இடிக்காதபடி ராவிச் சரிசெய்து, அதிலேயே மழித்துப் பார்த்து விற்றால் தாராளமாக வாங்குங்கள். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே முகத்தில் வைக்கிற கத்தி இல்லை அது. ‘ஷேவ் ரெடி’ (தீட்டியாயிற்று, அப்படியே மழிக்கலாம்) என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், தீட்டியது யார் என்று கேளுங்கள்.

திருச்சி: அலை அலையாகக் கோடு போட்ட டமாஸ்கஸ் கத்தி 1200 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா?

பதில்: கடித உறை பிரிக்க உதவும்.

ஈரோடு: எங்கள் தெருவுக்கு வாராவாரம் சாணைக்காரர் வருவார், அவரிடம்...

பதில்: வேண்டாம்.

மதுரை, சலூன் வைத்திருப்பவர்: சார், எதற்கு இவ்வளவு சுற்று? நூற்றைம்பது ரூபாய்க்கு பிளேடு மாட்டும் ஸ்டாண்டு, பிளேடை இரண்டாக ஒடித்து மாட்டினால் வேலை முடிந்தது. எங்கள் அப்பா கல்லும் வாரும் வைத்துக் கஷ்டப்பட்டார், நாங்கள் விட்டுவிட்டோம்.

பதில்: கடைக்கு நீங்கள் செய்வதுதான் சரி, அதில் வாதமே இல்லை. ஒரு கத்தி பல முகம் ஏறினால் ஹெப்படைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. என்று ரத்தத்தில் பரவும் எல்லாவற்றுக்கும் வழி. ஆளுக்கொரு புது பிளேடு போட்டே ஆக வேண்டும். ஆனால் இங்கே கேட்பவர்கள் வீட்டில் தன் முகத்தைத் தானே மழிக்கப்போகிறவர்கள். அரை பிளேடுக்கு எடை இல்லை, அதனால் கை தானாக அழுத்தும். அதன் இரண்டு மூலைகளும் ஊசிபோல் நிற்கும், கோணம் கொஞ்சம் தவறினாலும் கீறிவிடும். முழுக்கத்தி தன் எடையிலேயே இறங்கும், கோணம் தப்பினால் மயிர் இழுபடுவது கைக்குத் தெரியும்.

மதுரை: உங்கள் கத்தி, வார், தீட்டுக்கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை வருஷத்துக்கு பிளேடு வாங்கலாம் சார்?

பதில்: செலவுக் கணக்கில் அவர் சொல்வதுதான் சரி. பணம் மிச்சம் பிடிக்க மட்டும் வந்திருப்பவர்கள் அவர் பேச்சைக் கேளுங்கள், உண்மையாகவே சொல்கிறேன். கோண விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

தஞ்சாவூர்: சலூன் அண்ணன் சொல்வது சரி. நான் அரை பிளேடில்தான் பழகினேன், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: நல்லது. தோல்வார் பற்றி யாராவது கேளுங்களேன்?

யாழ்ப்பாணம்: ஐயா, இடுப்புப் பெல்ட்டில் இழுத்தால் போதாதா?

பதில்: தையல், துளை, புடைப்பு இல்லாத வழவழப்பான மாட்டுத்தோலாக இருந்தால் பெல்ட்டும் வார்தான், ஆனால் கடைப் பெல்ட்டில் அது அமைவது அபூர்வம். மலிவான வாரே வாங்குங்கள், முதல் வாரை எல்லாரும் வெட்டித்தான் பழகுவார்கள். கத்தியைத் தட்டையாகப் படுக்கவைத்து, முதுகு முன்னால் போக, விளிம்பு பின்னால் வர இழுக்க வேண்டும். கோடியில் நின்று, முதுகு தோலைவிட்டு எழும்பாமல், அதன் மேலேயே உருட்டித் திருப்ப வேண்டும், விளிம்புப் பக்கமாகத் திருப்பினால் வார் போயிற்று. அழுத்தாதீர்கள், வாரைத் தொய்யவும் விடாதீர்கள். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் ஐம்பது அறுபது இழுப்பு. இதை ஒழுங்காகச் செய்தால் மாதக்கணக்கில் கல் பக்கமே போக வேண்டாம்.

சென்னை: 1000, 4000, 8000, 12000 என்று நுணுக்க எண் போட்ட தீட்டுக்கல் எல்லாமும் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போது ஒன்றும் வேண்டாம். முதல் தீட்டல் தெரிந்தவர் கையில் நடக்கட்டும். கூர் என்றால் என்னவென்று முகம் அறியாமல் கல்லில் உட்கார்ந்தால், எப்போது நிறுத்துவது என்றே தெரியாது.

சென்னை, இன்னொருவர்: துருப்பிடிக்காமல் இருக்க?

பதில்: குளியலறையில் வைக்காதீர்கள். உங்கள் ஊர் காற்றுக்குத் துடைத்தால் மட்டும் போதாது, கொஞ்ச நேரம் திறந்து உலரவிட்டு, ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுக்கும். செல்லுலாய்டு என்ற பழைய காலத்து பிளாஸ்டிக்கில் செய்த கைப்பிடியானால் கூடுதல் கவனம், அது மக்க ஆரம்பித்தால் வெளிவரும் ஆவியே கத்தியை அரித்துவிடும், மூடிப் பெட்டியில் போடாதீர்கள்.

வேலூர்: பெஸ்ட் கத்தி எது ப்ரோ?

பதில்: சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

புதுச்சேரி: ஷெஃபீல்ட் என்று முத்திரை இருக்கிறது, இங்கிலாந்து என்று இல்லை. போலியா?

பதில்: அப்பாடா, நல்ல கேள்வி! போலி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, பழசாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் 1890ஆம் வருட மெக்கின்லி வரிச் சட்டம், வெளியிலிருந்து வரும் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது, 1891இலிருந்து அது நடைமுறை. அதனால் ‘இங்கிலாந்து’ இல்லாத ஷெஃபீல்ட் கத்தி அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம், அமெரிக்காவுக்குப் போகாத பிந்திய கத்தியாகவும் இருக்கலாம். சோலிங்கன் என்ற பெயருக்கு ஜெர்மனியில் 1938இலிருந்து சட்டப் பாதுகாப்பே உண்டு. படம் எடுத்து வையுங்கள், ஆசையாக இருக்கிறது.

நாமக்கல்: முகத்தில் பரு இருக்கிறது, இதில் மழித்தால் குறையுமா?

பதில்: தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கரூர்: மிக்ஸி பிளேடு தீட்டும் கடையில் கொடுக்கலாமா?

பதில்: அங்கேயும் சக்கரம்தானே சுற்றுகிறது? வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

திண்டுக்கல்: கத்தி வந்துவிட்டது. முதல் நாள் எப்படி?

பதில்: வெந்நீரில் முகம் நனைத்து, பிரஷ்ஷால் நுரை ஏற்றுங்கள். கன்னம் இரண்டும் மட்டும், மயிர் வளரும் திசையில். கத்தியைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, முதுகுக்கும் தோலுக்கும் இடையே அந்த முதுகின் தடிமன் அளவுக்கு இடைவெளி வரும்படி தூக்குங்கள், சுமார் 30 பாகை வரும். மோவாய்க்கும் மேலுதட்டுக்கும் உங்கள் பழைய ரேசரையே எடுங்கள்.

மதுரை: இடது கையை மறந்துவிட்டீர்களே சார். காதோரம் தோலை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும், விரலில் நுரை பட்டால் வழுக்கும், படிகாரத்தை விரலில் தேய்த்துக்கொண்டால் பிடிக்கும்.

பதில்: அப்படியே செய்யுங்கள் திண்டுக்கல்.