கொயர் பெஞ்ச்: கேள்வி – பதில்

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வேலையில் இருந்தபோதும் சரி, இப்போதும் சரி, தம் சபையில் ஆர்மோனியம், கீபோர்டு வாசித்துப் பாடகர் குழுவை நடத்துகிறவர். வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். சபையில் கீபோர்டும் அவர்தான். சனி ராத்திரி பிராக்டிஸ், ஞாயிறு இரண்டு ஆராதனை, நடுவில் கல்யாணம், அடக்க ஆராதனை. நல்ல சவாரி கிடைக்கிற நாளில் வண்டி கோவில் வாசலில் நிற்கிறது. கேட்டால் ‘ஆண்டவர் வேலை’ என்கிறார். நான் கேட்பது தப்பா?
– வாசகி, தூத்துக்குடி

தப்பே இல்லை தங்கச்சி. வண்டித் தவணையை ஆண்டவர் வந்து கட்டமாட்டார். ‘ஆண்டவர் வேலை’ என்பது வீட்டில் வாயடைக்க எங்கள் ஆட்கள் எல்லோரும் கைவசம் வைத்திருக்கிற வார்த்தை. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வாசிப்பார்கள்? ‘ஆளே கிடையாது’ என்று பெருமையாகச் சொன்னால் அதுதான் வியாதி. கீபோர்டைப் பெட்டியில் பூட்டி, சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆட்கள் நம் சபைகளில் உண்டு.

ஞாயிறு பள்ளியில் காது நன்றாக உள்ள பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடிக்கட்டும். முதலில் காணிக்கைப் பாட்டு மட்டும் கொடுக்கலாம். தடுமாறுவார்கள். பரவாயில்லை, தெரிந்த பாட்டு என்றால் சபையே இழுத்துக்கொண்டு போய்விடும். நாலைந்து மாதத்தில் மாலை ஆராதனையை அவர்களிடம் விடலாம். கல்யாணத்துக்கு முறை வைத்துப் போகலாம். அடக்க ஆராதனைக்கு மட்டும் அவரைத் தடுக்காதீர்கள். செத்த வீட்டில் கூடப் பாட ஆளில்லாமல் குருவானவர் ஒற்றைக் குரலில் இழுப்பதை ஒருமுறை கேட்டால், நீங்களே வண்டிச் சாவியை எடுத்துக் கொடுப்பீர்கள்.

நூற்பாலையில் முதல் ஷிப்ட். சபையில் தபேலா வாசிக்கிறேன். டிசம்பரில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் விடிய விடிய நடக்கிறது. சமாளிக்க வழி சொல்லுங்கள் அண்ணாச்சி.
– வாசகர், ராஜபாளையம்

வீட்டுக்கு வீடு தேநீர், கேக், முறுக்கு. விடியும்போது தொண்டையும் இருக்காது, கண்ணும் இருக்காது. அப்படியே மெஷின் முன்னால் போய் நிற்காதீர்கள் தம்பி. விரல் போனால் தபேலாவும் போச்சு, சம்பளமும் போச்சு. கேரல் தேதி நவம்பரிலேயே தெரிந்துவிடும். அப்போதே மேஸ்திரியிடம் சொல்லி ஷிப்ட் மாற்றிக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பொங்கலன்று அவருக்காக நீங்கள் நில்லுங்கள். எங்கள் பணிமனையில் எனக்கு நடந்தது அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். மாற்ற முடியவில்லையா, பத்து மணிக்குப் பாட்டை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

எங்கள் கிராமச் சபையில் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஊமை. இன்னொன்று கையை எடுத்தாலும் கத்துகிறது. தூக்கிப் போட்டுவிட்டுக் கீபோர்டு வாங்கலாம் என்கிறார்கள்.
– வாசகர், நாசரேத்

கீபோர்டு வாங்குங்கள், ஆர்மோனியத்தைப் போடாதீர்கள். கரண்ட் போனால் அதுதான் கை கொடுக்கும்.

கத்துகிற கட்டைக்கு அடியில் காற்றை அடைக்கிற, தோல் ஒட்டிய பட்டை ஒன்று இருக்கும். அது சரியாக உட்காரவில்லை. தூசியா, ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பினாலும் இப்படி வரும். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். ஊமைக் கட்டைக்கு, ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகள் பொருத்திய ரீட் பலகையைத் திறக்க வேண்டும். பித்தளை நாக்குக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பிசிறு நூல் போதும், சத்தம் நின்றுவிடும். மெல்லிய காகிதத்தை நாக்குக்கு அடியில் விட்டு மெதுவாக இழுங்கள். நாக்கை நெம்பாதீர்கள். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், சட்டத்தில் பொருத்திய பக்கம் சுரண்டினால் இறங்கும். தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன், செய்து பார்க்க அல்ல. இரும்பில் அரம் போட்டே காலம் தள்ளிய எனக்கே அங்கே கை நடுங்கும்.

வேலைக்குப் போகிறவனுக்கு இசையில் மேலோட்டமாகத்தானே வரும்?
– வாசகர், தஞ்சாவூர்

தஞ்சாவூரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! ஆபிரகாம் பண்டிதர் உங்கள் ஊரில் வாழ்ந்தவர். 1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தார். வாத்தியார் வேலை பார்த்தார், பிறகு சித்த மருத்துவர். மருந்தில் சம்பாதித்ததைப் போட்டு 1912 முதல் இசை மாநாடுகள் நடத்தினார். கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் எழுதினார். அவர் எழுதி 1917-இல் வந்த ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை ஆராய்ச்சி நூலைத் தூக்கிப் பாருங்கள். அதைப் புரட்டவே நமக்கு ரிட்டயர்மென்ட் வேண்டும்.

கல்யாணத்தில் வாசித்தால் கவர் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

வாங்குங்கள். மேளத்துக்கும் சமையலுக்கும் பேரம் பேசாமல் கொடுக்கிற வீடு, பாட்டுக்குக் கொடுத்தால் குறைந்துபோகாது. இல்லாத வீடு என்று தெரிந்தால் கவரை அப்படியே பெண்ணின் கையில் வைத்துவிடுங்கள். தொகை பேசி வாங்குவது எனக்குப் பிடிக்காது. பிடிக்கிறவர்களோடு சண்டைக்கும் போகமாட்டேன். எப்படியும் அந்தப் பணம் ஸ்பீக்கர் வயருக்கும் அடாப்டருக்கும்தான் போகப்போகிறது.