துறைமுகத்தைப் படமெடுக்கப் போகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பயணத்தில் ஒரு சரக்குத் துறைமுகத்தைக் கடந்து போகிறேன். உள்ளே போய்ப் படமெடுக்க விடுவார்களா?

பதில்: முன்அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். பன்னாட்டுக் கப்பல்கள் வரும் துறைமுகங்களுக்கு ஐ.எஸ்.பி.எஸ். என்ற பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. வருத்தப்படாதீர்கள், எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் வேலிக்கு வெளியே நின்று எடுத்தவைதான். எதிர்க்கரை, மேட்டுச் சாலை, பயணிகள் படகு என்று இடம் தேடுங்கள். சில நாடுகளில் வெளியிலிருந்து எடுப்பதற்கும் தடை உண்டு என்பதால் முதலில் விசாரித்துவிடுங்கள். அனுமதியில்லாமல் டிரோன் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நேரில் மலைபோல் நின்ற கப்பல் படத்தில் பொம்மை மாதிரி இருக்கிறதே?

பதில்: அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸ் போட்டிருப்பீர்கள். அதில் தூரத்துப் பொருள் சுருங்கிவிடும். நன்றாகப் பின்னால் போய் தூரத்தைக் கிட்டக் காட்டும் 200 மி.மீ. டெலி லென்ஸில் பாருங்கள், கப்பல், கிரேன், பின்னாலுள்ள குன்று எல்லாம் நெருங்கி வந்து நிற்கும். அப்புறம், அளவு சொல்ல ஏதாவது வேண்டும். நாற்பதடி கன்டெய்னர் 12 மீட்டருக்கும் மேல் நீளம் என்பது எல்லோருக்கும் தெரியாது, ஆனால் மனிதனின் உயரம் தெரியும். மேல்தளக் கம்பியோரம் ஒருவர் வந்து நிற்கும்வரை, முகப்புக்குக் கீழே ஒரு மீன்பிடிப் படகு கடக்கும்வரை காத்திருங்கள். அரைமணி நேரம் போனாலும் பரவாயில்லை. இன்னொன்று: சரக்கு இறங்க இறங்கக் கப்பல் உயர்ந்து, நீருக்கடியில் இருந்த பகுதி வெளியே தெரியும். பல கப்பல்களில் அது சிவப்பு. காலையில் எடுத்த கப்பலையே மாலையிலும் எடுத்துப் பாருங்கள், வேறு கப்பல் போலவே இருக்கும்.

கேள்வி: மதியம் டெலி லென்ஸில் எடுத்தவை எல்லாம் நெளிந்து மங்கலாக உள்ளன. லென்ஸ் கோளாறா?

பதில்: லென்ஸ் சரியாகத்தான் இருக்கும். சூடான தரையிலிருந்து எழும் கானல் அது. விடியற்காலையில் எடுங்கள்.

கேள்வி: இரவில் டிரைபாட் வைத்தும் கப்பல் மட்டும் கலங்கிப்போகிறது.

பதில்: கட்டிப்போட்ட கப்பலும் அசைந்துகொண்டேதான் இருக்கும். கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஒரு நொடிக்குள் கொண்டுவாருங்கள். முழு இருட்டுக்காகவும் காத்திருக்க வேண்டாம். சூரியன் மறைந்த சற்று நேரத்தில் வானத்தின் நீலமும் விளக்குகளின் வெளிச்சமும் சமமாக வரும். அது சீக்கிரம் போய்விடும், முன்னதாகவே போய் நில்லுங்கள். விளக்குகளின் நிறம் கலந்துகட்டி இருக்கும் என்பதால் நிறத்தைப் பிறகு திருத்த வசதியான ரா (RAW) கோப்பாக எடுப்பது நல்லது.

கேள்வி: பக்கத்துப் பாறைக்கரையில் எப்போது இறங்கலாம்?

பதில்: கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வடியும்போது இறங்குங்கள். ஈரப் பாறையில் வானம் பிரதிபலிக்கும் நேரமும் அதுதான். பல கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்றைய நேரத்தை நம்பி இன்று போகாதீர்கள். அலைக்கு முதுகு காட்ட வேண்டாம், அங்கே லென்ஸ் மாற்றவும் வேண்டாம். அறைக்குத் திரும்பியதும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, கேமராவின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். உப்பு காய்ந்துவிட்டால் எடுப்பது கடினம்.