மழை பொய்த்த மாயா நகரங்கள்

கேள்வி: மெக்சிகோ, குவாத்தமாலா பகுதியில் பெரிய நகரங்களைக் கட்டிய மாயா இனம் அழிந்தது வறட்சியாலா?

பதில்: வறட்சி பெரிய காரணம், ஆனால் ஒரே காரணம் இல்லை. மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் உள்ள சிச்சன்கனாப் ஏரியில் நீர் வற்றும்போதெல்லாம் அடியில் ஜிப்சம் என்ற கனிமம் படியும். அந்த வண்டலைத் துளைத்தெடுத்துப் பார்த்ததில், கி.பி. 800க்கும் 1000க்கும் இடையே கடும் வறட்சிகள் வந்தது தெரிந்தது. குவாத்தமாலாவில் இருந்த திக்கால் என்ற மாயா நகரை நினைத்தால்தான் எனக்கு மனம் கனக்கிறது. பக்கத்தில் ஆறு கிடையாது. மழைநீரைக் குளங்களில் தேக்கித்தான் ஊரே குடித்தது. அரண்மனையை ஒட்டிய குளத்தின் வண்டலில் பாதரசமும் நச்சுப்பாசியின் தடமும் கிடைத்திருக்கின்றன. அப்புறம், ஓயாத போர்கள் வேறு. அங்கே தேதி பொறித்த கடைசி நினைவுக்கல் 869ஆம் ஆண்டுடையது.

‘இனம் அழிந்தது’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். வடக்கே சிச்சென் இட்சா என்ற மாயா நகரம் அதன் பிறகும் செழித்தது. லட்சக்கணக்கான மாயா மக்கள் இன்றும் தங்கள் மொழிகளைப் பேசுகிறார்கள்.