தோட்டத்துக்கு இடம் விடலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 47, அவருக்கு 52. இருபது வருஷமாகத் தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது, திருவொற்றியூரில் எப்போதோ வாங்கிப் போட்ட அரை கிரவுண்டில் இப்போதுதான் வீடு கட்டப் போகிறோம். பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டடி தோட்டத்துக்கு விடலாம் என்கிறேன். போரில் உப்புத் தண்ணி, அதில் என்ன முளைக்கும், அதையும் சேர்த்துக் கட்டி மாடியில் ஒரு போர்ஷன் எடுத்தால் வாடகையாவது வரும் என்கிறார் அவர். தினம் இதே பேச்சு. யார் சொல்வது சரி?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தங்கச்சி, இடம் விடுங்கள். ஆனால் அவர் சொல்வதையும் தள்ளாதீர்கள், வேலை ஓய்ந்த பிறகு மாதம் கையில் ஏதாவது வர வேண்டுமே என்ற கவலை அது. மாடி தாங்குகிற மாதிரி அஸ்திவாரமும் தூணும் இப்போதே போட்டுவிட்டு, போர்ஷனை அப்புறம் எடுக்கலாம். மேலே நீட்டி விடும் கம்பியைச் சும்மா விட்டால் கடல் காற்றில் துரு ஏறிவிடும், சிமென்ட் பால் பூசி, லேசான கான்கிரீட்டில் மூடி வைக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் செய்யாமல் போர் தண்ணியில் கலவை போடவே விடாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது விதி. டெஸ்ட் செய்து பாருங்கள், தேறாவிட்டால் லாரித் தண்ணிதான், கான்கிரீட்டை நனைக்கவும் அதேதான்.

உப்பு மண்ணில் ஒன்றும் வராது என்பது உண்மையில்லை. சப்போட்டா உப்பை நன்றாகவே தாங்கும், ஒட்டுக்கன்றாக வைத்தால் மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். நித்தியகல்யாணியும் அரளியும் தாங்கும், ஆனால் இரண்டுமே விஷம், பேரப்பிள்ளை தவழும் வீட்டில் வேண்டாம். கறிவேப்பிலையும் மல்லியும் உப்புத் தண்ணிக்கு வாடும், பெரிய தொட்டியில் வைத்து மழைத் தண்ணி மட்டும் ஊற்றுங்கள். 800 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 700 லிட்டருக்கு மேல் விழும், அதைப் பிடிக்கத் தனியாக ஒரு சம்ப் பிளானிலேயே சேர்த்துவிடுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணியைச் செடிக்கு ஊற்றாதீர்கள், இருக்கிற உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, நாங்கள் பட்டது. எர்ணாவூரில் வீடு கட்டும்போது எனக்கு 45. தோட்டத்துக்கென்று விட்ட மூலையில்தான் ஜல்லி கொட்டினார்கள், கலவை போட்டார்கள், உடைந்த செங்கல்லையும் அங்கேயே தள்ளினார்கள். கிரகப்பிரவேசம் முடிந்து கன்று வைக்கக் குழி தோண்டினால் கடப்பாரை கல்லில்தான் மோதுகிறது. அதையெல்லாம் வாரிவிட்டு செம்மண் அடித்து முதல் செடி வேர் பிடிக்க இரண்டு வருஷம் ஆனது. இருபத்தைந்து வயதில் அது ஒன்றுமில்லை, நம் வயதில் அந்த இரண்டு வருஷத்துக்காக நான் இன்னமும் வருத்தப்படுகிறேன்.

அதனால் கொத்தனார் வருவதற்கு முன்னாலேயே அந்த மூலையைத் தகரம் வைத்து அடைத்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது சப்போட்டாக் கன்றை நட்டுவிடுங்கள், மழை மேல்மண் உப்பைக் கீழே இறக்கிவிடும், கன்றும் வேர் பிடிக்கும். வீடு எழும்பி முடியும்போது மரமும் ஓரளவு வளர்ந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக மனைக்குப் போய்க் கயிறு பிடித்து அளங்கள், சுண்ணாம்புக் கோட்டை அவரையே போடச் சொல்லுங்கள்.