செயல்திறன் அறிக்கை வெளியிடுவதால் அரசுத் துறைகளுக்குப் பொறுப்பு வருகிறதா?

இலக்கை எட்டிவிட்டோம் என்று ஏதோ ஒரு துறை போட்ட ஆண்டறிக்கையைப் பார்த்து எரிச்சலாகித்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் பதில்: எண்ணைத் தருகிறவரே அதைச் சரிபார்க்கிறவராகவும் இருந்தால் வராது.

ஒரு அரசு அலுவலகத்தில் குறைதீர் மனுக்களின் மாதாந்திர அறிக்கை தயாரிக்கும் இருக்கையில் இருந்தேன். பெறப்பட்டவை, தீர்வு செய்யப்பட்டவை, நிலுவை, இவ்வளவுதான் படிவம். மனுவை 'தக்க நடவடிக்கைக்காக' என்று எழுதி வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டால் போதும், அது தீர்வுக் கணக்கில் ஏறிவிடும். குடிநீர் இணைப்பு கேட்டு ஒருவர் மூன்று முறை மனு கொடுத்தார், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிரிவுக்குப் போனது, எங்கள் கணக்கில் மூன்று தீர்வு. அவர் வீட்டுக்குக் குழாய் வரவில்லை. மனுதாரருக்குக் கேட்டது கிடைத்ததா என்று இன்னொரு கலம் சேர்க்கலாமே என்று குறிப்பு எழுதி வைத்தேன். மேலிருந்து வந்த படிவத்தில் கை வைக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆதங்கம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

உடனே 'அப்போ அறிக்கையே வேண்டாமா' என்று சண்டைக்கு வராதீர்கள், நான் அப்படிச் சொல்லவே இல்லை. அமெரிக்காவில் 1993லேயே, துறைகள் இலக்கு வைத்து ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 2014ல் பீனிக்ஸ் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் என்ன நடந்தது? 14 நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க நேரம் தர வேண்டும் என்பது இலக்கு. அந்தத் துறையைத் தனித்து நின்று விசாரிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 226 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, முதல் சந்திப்புக்குச் சராசரியாக 115 நாள் காத்திருந்தது தெரிந்தது. மருத்துவமனை கொடுத்த கணக்கு 24 நாள். முன்னாள் படைவீரர் துறையின் செயலர், நம்ம ஊர்க் கணக்கில் அமைச்சர், பதவி விலக நேர்ந்தது. அந்த 24ஐ அப்படியே நம்பியிருந்தால் யாரும் எதற்கும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள், மருத்துவமனைக்கு வெளியிலிருந்து ஒரு அலுவலகம் போய்ப் பதிவேட்டைப் புரட்டியதால்தான் பொறுப்பு வந்தது. அதனால் அடுத்த முறை அறிக்கையைப் படிக்கும்போது சதவீதத்தை விடுங்கள், அதை யார் தணிக்கை செய்தார்கள் என்று தேடுங்கள்.

அப்புறம், கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஒரே எண்ணை மூன்று இணையதளத்தில் மூன்று வடிவத்தில் ஏற்றச் சொல்கிறார்கள், அதுவும் மாலைக்குள். களத்துக்குப் போக வேண்டிய ஆள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் போகாததால் விடுபட்ட வேலைக்கு விளக்கம் கேட்டு அவருக்கே குறிப்பாணையும் வருகிறது.