வாட்ஸ்அப்பில் வந்த நாலு லட்சம்: டொமைனுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: போடிநாயக்கனூரில் 2015 முதல் ஏலக்காய் வியாபாரம். வண்டன்மேட்டுச் சரக்கை வாங்கித் தரம் பிரித்து வடநாட்டுக்கு அனுப்புகிறேன். அப்பத்தா பெயரோடு ‘ஏலம்’ சேர்த்த கடைப் பெயருக்கு 2018இல் டிரேட்மார்க் வாங்கிவிட்டேன். அதே பெயரின் டாட் காம் வேறொருவரிடம் இருக்கிறது. 2012இல் பதிவானதாகக் காட்டுகிறது. போன வாரம் அவரே வாட்ஸ்அப்பில் வந்து 4 லட்சம் கேட்டார். கொடுப்பதா, வழக்குப் போடுவதா?

பதில்: 2012ஐப் பார்த்து மிரள வேண்டாம். அது டொமைன், அதாவது அந்த இணைய முகவரி, முதலில் பதிவான தேதி; இவர் கைக்கு வந்த தேதியாக இருக்க வேண்டியதில்லை. புதுப்பிக்காமல் விட்ட டொமைனை, அழியும் முன்பே ஒருவர் ஏலத்தில் எடுத்தால் (இது உங்கள் ஊர் ஏலம் இல்லை) பழைய தேதியே தொடரும். அழிந்து மறுபடி பதிவானால்தான் புதுத் தேதி. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியை வருடவாரியாகப் பாருங்கள். நடுவில் வேறு யாரோ நடத்திய தளம் திடீரென விளம்பரப் பக்கமாக மாறியிருந்தால், கை மாறியதற்கு அது நல்ல அடையாளம். தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பேரமே டொமைன் அவர் கைக்கு வந்த தேதியில்தான் நிற்கிறது. டாட் காம் தகராறுக்கு யுடிஆர்பி என்ற நடைமுறை உண்டு. ஜெனீவாவிலுள்ள வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) என்ற அமைப்பில் புகார் தரலாம். மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் உங்கள் டிரேட்மார்க்கை ஒத்தது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார். உங்கள் கடை தொடங்கும் முன்பே வாங்கியவர் என்றால் மூன்றாவது அநேகமாக நிற்காது. பிறகு வாங்கி, உங்களையே தேடிவந்து விலை சொன்னவர் என்றால், அந்த வாட்ஸ்அப் செய்தியே உங்கள் சாட்சி. அழித்துவிடாதீர்கள். நீங்கள் முந்திக்கொண்டு விலை கேட்டிருந்தால் அதற்கு இந்த வலு இருக்காது. அப்பத்தா பெயர் இருப்பதும் நல்லது. வெறும் ‘ஏலக்காய்’ என்றால் யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது.

ஒரே நடுவர் என்றால் வைப்போ கட்டணம் 1,500 டாலர். அதாவது ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். வக்கீல் செலவு தனி. ஜெயித்தால் டொமைன் கிடைக்கும், நஷ்டஈடு கிடைக்காது. உங்கள் பக்கம் பலமென்றால் இந்த மொத்தச் செலவுதான் உச்சவரம்பு. பேச்சை அதில் பாதிக்கும் கீழே தொடங்குங்கள். பலவீனமென்றால் சட்டத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். அந்த மிரட்டல் கடிதமே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். இதுபோன்ற பெயர்கள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று நேம்பயோ தளத்தில் பார்த்துப் பேசுங்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு.

விலை படிந்தால் முன்பணம் அனுப்ப வேண்டாம். நடுவில் நின்று பணத்தை வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவையில் கட்டுங்கள். டொமைன் உங்கள் கணக்குக்கு வந்த பிறகே அவருக்குப் போகும். அவர் வைத்திருக்கும் அதே பதிவு நிறுவனத்தில் நீங்களும் கணக்குத் திறந்து, உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொள்வது சுலபம். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக அங்கீகாரக் குறியீடு வேண்டும். பதிவுதாரர் விவரம் மாறியவுடன், 60 நாள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டு விழுவதும் உண்டு. ஆட்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: முகவரி வேலை செய்கிறதே என்று பணத்தை விடுவித்துவிடுகிறார்கள், பதிவுதாரர் மின்னஞ்சலோ இன்னும் விற்றவருடையதாகவே இருக்கும்.

பேச்சு முடியும்வரை காத்திருக்காமல், அதே பெயரில் டாட் இன் கிடைக்கிறதா என்று இன்றே பாருங்கள்.