முள் குத்தும் சாலைக்கு டியூப்லெஸ் சக்கரமா?

கேள்வி: ஞாயிறுதோறும் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை ரோடு பைக்கில் போய்வருகிறேன். எடை 72 கிலோ. இப்போது இருப்பது சாதாரண டியூப் வீல், 25 மி.மீ. டயர். அடிக்கடி முள் ஏறிப் பஞ்சராகிறது. அடுத்த ஆண்டு 600 கி.மீ. பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், ஓட்ட ஆசை. வீல்செட் மாற்றப்போகிறேன். கடைக்காரர் டியூப்லெஸ் வாங்கச் சொல்கிறார்; கூட ஓட்டும் நண்பர்கள், அது தலைவலி, வேண்டாம் என்கிறார்கள். எதை வாங்கலாம்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: நீங்கள் டியூப்லெஸ் வாங்குங்கள். எல்லோருக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்லக் காரணம் அந்த முள்தான்.

உங்கள் பக்கத்துச் சாலையோரம் நெடுக சீமைக்கருவேலம். புதரை வெட்டிப் போட்டால் முள் தார் வரைக்கும் வந்து கிடக்கும். அதோடு லாரி டயர் வெடித்துச் சிதறும் மெல்லிய கம்பி இழைகள், கண்ணுக்கே தெரியாது. இரண்டும் போடுவது சின்ன ஓட்டை. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றிவைக்கும் சீலன்ட் என்ற திரவம் அடைப்பதும் சரியாக அந்த அளவு ஓட்டையைத்தான். ஏறக்குறைய 3 மி.மீ. வரை அதுவே அடைத்துக்கொள்ளும். நீங்கள் இறங்கக்கூட வேண்டாம். 40 மணி நேரத்தில் 600 கி.மீ. முடிக்க வேண்டிய பிரெவேயில், நடுராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முள்ளைத் தேடும் வேலை மிச்சம்.

வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் அதற்காக வாங்காதீர்கள். நல்ல டயரில் லேடெக்ஸ் டியூப் போட்டாலே கிட்டத்தட்ட அதே ஓட்டம் கிடைக்கும். உண்மையான லாபம், காற்றைக் குறைத்து ஓட்டலாம் என்பது. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்க உள்ளே டியூப் இல்லையே. உங்கள் எடைக்கு 28 மி.மீ. டயர், முன்னால் 65, பின்னால் 70 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ஃபிரேமில் 28 நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ரிம் பிரேக் வண்டிகள் பலவற்றில் நுழையாது.

ரிம் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஹுக் (டயரைப் பிடித்துக்கொள்ளும் உள்மடிப்பு விளிம்பு) உள்ள டியூப்லெஸ் ரெடி ரிம்தான் வேண்டும் என்று கேளுங்கள். அதில் சீலன்டும் ஊற்றலாம், பிடிக்காவிட்டால் சாதாரண டயரும் டியூபும் போடலாம். அந்த மடிப்பு இல்லாத ஹுக்லெஸ் ரிம்மில் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் காற்று ஏற்றக் கூடாது. டயரும் அதற்கென்று அனுமதித்ததாக இருக்க வேண்டும், டியூப் போட்டு ஓட்டினாலும் இதே விதிதான். உங்கள் பின் சக்கரம் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே ஓடப்போகிறது. பம்ப் மீட்டர் கொஞ்சம் தப்பாகக் காட்டினால்கூட ஆபத்து. எனக்கு இதில் சமரசமே கிடையாது.

நண்பர்கள் சொல்லும் தலைவலியும் பொய்யில்லை. நம் வெயிலுக்கு சீலன்ட் இரண்டு, மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். வால்வு கீழே வரும்படி சக்கரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, காற்றை இறக்கி, வால்வுக்குள் இருக்கும் திருகுத் துண்டை (கோர்) கழற்றி ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விடுங்கள். நுனி நனைந்து வந்தால் சரி. காய்ந்து வந்தால் 30, 40 மில்லி ஊற்றுங்கள். சாலையில் பெரிய ஓட்டை விழுந்தால் மோட்டார் பைக்குக்குப் பஞ்சர் போடும் கடைகளில் வைத்திருக்கும் திரி உங்கள் டயருக்கு ரொம்பத் தடிமன். சைக்கிளுக்கான மெல்லிய திரி (பிளக்) கையில் இருக்கட்டும்.

ஒரு டியூபும் கட்டாயம் எடுத்துப்போங்கள். அப்புறம், அதைப் போடும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியால் நிதானமாகத் தடவிப் பாருங்கள். சீலன்ட் சத்தமில்லாமல் அடைத்து வைத்த முட்கள் அத்தனையும் நுனி நீட்டிக்கொண்டு அங்கேதான் இருக்கும். பிடுங்காமல் டியூப் போட்டால் காற்றடித்து முடிப்பதற்குள் போய்விடும்.

கேள்வி: மாதம் ஒருமுறைதான் ஓட்டுகிறேன், மற்ற நாளெல்லாம் வண்டி பால்கனியில். எனக்கும் டியூப்லெஸ் சரிவருமா?
— வாசகி, சென்னை

பதில்: வேண்டாம். சும்மா நிற்கும் வண்டியில் சீலன்ட் ஒரே இடத்தில் தேங்கிக் காய்ந்து கட்டியாகும், காற்றும் இறங்கிக்கொண்டே இருக்கும். இருக்கும் வீலையே வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் நல்ல டயர் ஒரு ஜோடி வாங்குங்கள். வண்டியின் எடை குறைய வேண்டுமானால் டிபியு (TPU) என்ற மெல்லிய பிளாஸ்டிக் டியூப் போடுங்கள். சாதாரண டியூப் 100 கிராம் என்றால் இது 40 கிராம்கூட வராது. ஆனால் அதற்கென்று விற்கும் ஒட்டுதான் அதில் ஒட்டும், வழக்கமான பஞ்சர் பசை பிடிக்காது. வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்.